அடை வைக்காத பதினோரு முட்டைகள்

கால்நடை மருத்துவர் மேகலா தன்னுடைய கருமுட்டைகள் பதினொன்றைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் உறைய வைத்துவிட்டு வெள்ளமடைப்புதூருக்குத் திரும்பி வந்த இருபத்தாறாம் நாள், சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்னால், சாமியப்பனின் மாட்டுக் கொட்டகையில் நின்று அந்த விஷயத்தைத் தன் வாயாலேயே சொன்னாள். சொல்லி முடித்துக் கை கழுவுவதற்குள் சாமியப்பனுக்கு வயிறு வந்துவிட்டது.

சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சினை ஊசி போட வந்திருந்தாள். தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் கையை விட்டிருந்த நேரத்தில், மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சாமியப்பன், ஆறு வருஷமாக மாதம் ஒருமுறை தவறாமல் கேட்பதைப் போலவே அன்றும் கேட்டார்.

“டாக்டரம்மாவுக்கு வயசு முப்பத்திநாலு ஆச்சுங்களா? காலாகாலத்துல ஒரு கண்ணாலத்தப் பண்ணி ஒரு புள்ளையப் பெத்துக்கோணுமுங்க. வயசு போனா கருவு தங்காதுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?”

ஆறு வருஷமாக மேகலா அதற்குச் சிரித்திருந்தாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கை மாட்டுக்குள் இருந்தது, நெற்றியில் ஈ உட்கார்ந்திருந்தது, ஓட்டக் கை இல்லை. வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் பக்கம் நின்ற கேனை முகத்தாலேயே காட்டினாள். பனிக்கட்டியைவிடப் பலமடங்கு குளிர்ந்த நைட்ரஜன் திரவத்துக்குள் காளை விந்து ஊசிகளை வைத்திருக்கும் அலுமினியக் கேன் அது. அந்த ஊரில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“அந்தக் கேன்ல வெச்சா எத்தனை வருஷமானாலும் விந்து கெடாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? அதே மாதிரி என்னோட முட்டைய எடுத்துக் கோயமுத்தூர்ல வெச்சிருக்கறனுங்க. பதினொண்ணு. எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கலாம். வேண்டாம்னா விட்டுரலாம். இனி வயசு போனா அது போவாது.”

சாமியப்பன் கயிற்றை விட்டுவிட்டார். முப்பது வருஷமாக அந்தக் கேனை நம்பியே மாடு வளர்த்த மனிதர் அவர். அவர் கொட்டகையில் நின்ற ஏழு உருப்படிகளும் அந்தக் குளிருக்குள்ளிருந்து வந்தவைதான். ஆனால் ஒரு மனுஷி, அதுவும் கல்யாணமாகாத மனுஷி, அதுவும் தன் கண் முன்னால் நின்று, மழை வருகிறது என்று சொல்வதைப் போல அதைச் சொன்னதும், அவர் வேறொன்றும் தோன்றாமல், விவசாயி எதைக் கேட்பாரோ அதைக் கேட்டார்.

“அப்ப எப்பங்க அடை வைப்பீங்க?”

கேலி ஒன்றுமில்லை அதில். கோழி வளர்க்கும் வீட்டில் முட்டை சேர்ந்தால் கேட்பதுதான். கேட்டு வாய் மூடுவதற்குள் பால் பொங்குவது போல வயிறு பொங்கியது. வேட்டி முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு கையாலும் வயிற்றை ஏந்திக்கொண்டு சாமியப்பன் தீவனத் தொட்டியின் மேல் உட்கார்ந்தார். மேகலா உறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொழில் பழக்கத்தில் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஏழு மாதச் சினையின் கனம். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள். கேனின் மூடியைத் திறக்கும்போது விரலில் ஏறுகிற அதே குளிர் அந்த வயிற்றிலும் இருந்தது.

தாராபுரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளையும் இல்லை, கட்டியும் இல்லை, நீரும் இல்லை. மார்கழிக் காலையில் பனி மூடிய ரோடு மாதிரி திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர் மிஷினை இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓய்வு எடுக்கச் சொல்லி அனுப்பினார். சாமியப்பனின் மனைவி தெய்வாத்தாள் முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் புளிச்சோறு கிண்டிக் கொடுத்தாள். வெற்றிலை வாசனை பட்டாலே குமட்டுகிறது என்று அவர் சொன்னபோது மூன்றாம் நாளில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூன்று பிள்ளை பெற்றவளுக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் ஊரே நின்றிருந்தபோது செயலாளர் மனோகரன், விஷயம் அதற்குள் பரவியிருந்ததால், எல்லோருக்கும் கேட்கும்படிக் குரலை உயர்த்தினார்.

“ஏனுங் டாக்டரம்மா, ஊர்க்கோழியெல்லாம் உங்களப் பாத்துப் பொறாமைப்படுதாமா! எப்ப அடை வெக்கப் போறீங்?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. எழுந்த சிரிப்பு அப்படியே நின்றது. வரிசையில் ஒன்பதாவதாக நின்ற சாமியப்பனின் வயிறு, பஸ் பிரேக் காற்று விடுவதைப் போலச் சத்தமிட்டு இறங்கியது. மேசைக்குப் பின்னால் மனோகரனின் வயிறு ஏறியது. சட்டைப் பொத்தான் தெறித்துப் பாலுக்குள் விழுந்தது. மேகலா அங்கேயே நின்றாள். ஊரார் முதலில் மனோகரனைப் பார்த்தார்கள், பிறகு சாமியப்பனைப் பார்த்தார்கள், கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை முதுகில் பட்ட இடம் வீடு வரும்வரை எரிந்தது.

ஒரு தடவை நடந்தால் கெரகம், இரண்டு தடவை நடந்தால் தற்செயல், மூன்றாவது தடவைதான் கணக்கு என்று சொல்லும் ஊர் அது. மூன்றாவதாகக் கோயில் பூசாரியின் மனைவி கேட்டாள், அவளுக்கும் வந்தது. நான்காவதாக மினி பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டான். பஸ் அடுத்த நிறுத்தம் சேர்வதற்குள், கம்பிகளுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்டான், நான்கு பேர் இழுத்து இறக்கினார்கள். ஐந்தாவதாகக் கேட்டவர் பொன்னுசாமி.

பொன்னுசாமியைத்தான் ஊர் “தலைவர்” என்று கூப்பிட்டது. தேர்தலில் நின்று ஜெயித்து ஊராட்சித் தலைவியாக இருந்தவள் அவர் மனைவி கலாமணி. நாற்காலியில் உட்கார்ந்து பேசியவரும் கையெழுத்துப் போட்டவரும் அவர். “பொம்பளை வயித்துக்குப் பயந்துட்டு ஊரே வாயப் பொத்திட்டு நிக்குதா? எங்கிட்ட நடக்குதான்னு பாக்கறன்” என்று சொல்லிக்கொண்டு, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வந்து, மேகலாவின் மேசையில் கையை ஊன்றிக் கேட்டார். அவரிடமும் நடந்தது.

அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லாததால் வயிறு பொன்னுசாமியிடமே தங்கியது, இருபத்தி மூன்று நாள்.

அந்த இருபத்தி மூன்று நாளில் வெள்ளமடைப்புதூர் அதற்குப் பழகிக்கொண்டது; ஊர் என்பது எதற்கும் பழகும், பழகாவிட்டால் அது ஊராக இருக்க முடியாது. சித்திரை போய் வைகாசி பிறந்து வெயில் கல்லைப் பிளந்தபோது, வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுக் கிடந்த பொன்னுசாமியைச் சுற்றி மட்டும் ஏ.சி. அறை மாதிரி குளிர் நின்றது. பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் அவர் வயிற்றில் முதுகைச் சாய்த்துத் தாயம் விளையாடினார்கள். பெண்கள் மல்லிகைப்பூவை வாழையிலையில் மடித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் காட்டுவேலைக்குப் போனார்கள். அவர் வீட்டில் மட்டும் தயிர் உறையவில்லை, மாவு புளிக்கவில்லை. ஊராட்சிக் கூட்டத்துக்குக் கலாமணி முதன்முதலாகத் தனியாகப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கான தீர்மானத்தில் தானே கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வெட்டிய கரும்பு போலக் கச்சிதமாக இருந்தது என்று எழுத்தர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

இன்னொன்றும் நடந்தது. டாக்டரம்மாவைக் கேட்டால்தான் வயிறு வருமா, எந்தப் பெண்ணைக் கேட்டாலும் வருமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததால், எந்தப் பெண்ணையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷமான செல்வி என்ற மருமகள் ஒருத்தி, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” என்று ஒருவர்கூடக் கேட்காமல், முழுசாக உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏன் அழுதாய் என்று கேட்கவும் அவள் மாமியாருக்குப் பயமாக இருந்தது.

மேகலாவுக்கு மட்டும் பழகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன என்றார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து அவள் அம்மா பேசினாள். “வெச்சது வெச்ச, அத ஊருக்குள்ள எதுக்குச் சொன்ன?” என்று சொல்லிவிட்டு வைத்தாள். தப்பு எதுவும் செய்யவில்லை என்று மேகலாவுக்குத் தெரியும். தெரிந்தும், வேப்பமரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், தன் வீட்டுச் சாமானைப் பிறத்தியார் தலையில் இறக்கிவைத்துவிட்டுக் கைவீசிப் போவதைப் போல இருந்தது. அதைவிட மோசம், அப்படிக் கைவீசிப் போவது சுகமாகவும் இருந்தது.

இருபத்தி நாலாம் நாள் காலையில், மேகலா கிணற்றடியில் தன் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரி மாராத்தாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

மாராத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முன்பகுதியை மேகலாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் இருந்தாள். பிள்ளை இல்லை. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். வெள்ளைச் சேலை. ஊரில் ஒரு சீர், ஒரு வளைகாப்பு, ஒரு தொட்டில் என்றால், அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போவார்கள், வர வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அவளும் போக மாட்டாள். வாய் திறந்து அவள் கேள்வி கேட்டு மேகலா ஒருநாளும் பார்த்ததில்லை. வாடகையைக்கூட நேராகக் கேட்க மாட்டாள், வாசலைக் கூட்டுவாள்.

“ஏங்கண்ணு,” என்றாள் மாராத்தாள்.

“சொல்லுங்க அத்தை.”

“எப்ப அடை வெக்கப் போற?”

பூட்ஸ் கிணற்றுக்குள் விழுந்தது. மேகலா எழுந்து அவள் வாயைப் பொத்தப் போனாள். அதற்குள் ஊருக்கு நடுவே, வேப்பமரத்தடியில், “போயிருச்சு! போயிருச்சு!” என்று பொன்னுசாமி கத்துவது இங்கே கேட்டது, மாராத்தாளின் வெள்ளைச் சேலைக்கு அடியில் வயிறு எழுந்து வந்தது.

“தெரியாமக் கேட்டுப்போட்டீங்களா அத்தை?”

“தெரிஞ்சுதாங் கண்ணு கேட்டன்.” மாராத்தாள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து, கனம் பார்ப்பவளைப் போலச் சற்று ஆட்டிப் பார்த்தாள். “பொன்னுசாமி பாரமுன்னு கெடந்தான். பாரமா இது? உனக்கு இப்போதைக்கு வேண்டாம். ஊருல ஒருத்தருக்கும் வேண்டாம். எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்.”

பிறகு மாராத்தாள் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை என்பதே மேகலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர் இதற்கு அதிர்ந்ததைப் போல முதல் வயிற்றுக்குக்கூட அதிரவில்லை. ஆம்பளை வயிற்றைச் சிரித்துக் கடந்த ஊர், விதவையின் வயிற்றைப் பார்த்து நின்றுவிட்டது. பால் வாங்கப் போனால் பேச்சு அறுந்தது. எதிரில் வந்தவர்கள் சகுனம் பார்க்கும் பழக்கத்தில் ஒதுங்கப் போய், வயிற்றுப்பிள்ளைக்காரி எதிரே வந்தால் நல்லதா கெட்டதா என்று புரியாமல் நடுரோட்டில் நின்றார்கள். மாராத்தாள் எதையும் பார்க்கவில்லை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. மாங்காய் ஆசையாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னாள். நாற்பது வருஷமாக அந்த ஆசையைச் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கவில்லை. கடைக்காரர் காசு வாங்கவில்லை. இரண்டு மாங்காயை எடுத்து நீட்டினார்.

மற்றவர்களிடம் இருந்தபோது வந்த அளவிலேயே நின்ற வயிறு, அவளிடம் வளர்ந்தது. ஆடியில் ஒரு சுற்று, ஆவணியில் ஒரு சுற்று. அவள் பேசினாள் அதனோடு. பின்கட்டுச் சுவர் வழியாக மேகலா கேட்டாள், கேட்கக் கூடாது என்று ரேடியோவைப் போட்டாள். ஐப்பசி மழையில் நனைந்து வந்த சாமியப்பன் ஒருநாள், திருநீறு கொஞ்சம் மடித்துக் கொண்டுவந்து மாராத்தாளிடம் கொடுத்துவிட்டு, “நானும் மூணு நாள் சொமந்தவனுங்க, ராத்திரிக்கு எடது பக்கமாப் படுங்க, செத்த சொகமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழியில் ஏழாம் மாதம் என்று பெண்கள் விரல்விட்டு எண்ணினார்கள். முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. கலாமணி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு புதன்கிழமை காலையில், எலுமிச்சை, புளி, தேங்காய், எள், தயிர் என்று ஆளுக்கொரு சோறு கட்டிக்கொண்டு, தலைப்பிள்ளைக்காரிக்குச் செய்யும் அதே கட்டுச்சோற்றுச் சீரோடு, இருபத்தெட்டுப் பெண்கள் மாராத்தாளின் வாசலுக்கு வந்தார்கள். முன்னொரு காலத்தில் தன் வளைகாப்புக்கு மாராத்தாளை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அவளுடைய நாத்தனார் கடைசியில் வந்தாள், கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கலாமணி ஒரு பலகையைப் போட்டு மாராத்தாளை உட்கார வைத்து, மஞ்சள் தடவி, கண்ணாடி வளையலை எடுத்தபோது, “வேண்டாம்மா, இந்தக் கைக்கு ஆகாது” என்று மாராத்தாளே கையை இழுத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பிளந்து வந்த நாத்தனார்தான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, பச்சை வளையலும் சிவப்பு வளையலும் மாற்றி மாற்றி முழங்கைவரை ஏற்றினாள். ஏற்றும்போது இரண்டு உடைந்தன. யார் கையில் ரத்தம் என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மாராத்தாள் ஒரு சத்தியம் வாங்கினாள். “டாக்டரு கண்ணுவ இனி ஆரும் அந்தப் பேச்சுக் கேக்கக் கூடாது. கேட்டா எம்பட வவுத்துல இருக்கறது போயிரும்.” இருபத்தெட்டுப் பேரும் மஞ்சள் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் அது சட்டமாயிற்று.

வளையல் ஏறிய கையை அன்றைக்கு வாழ்த்துச் சொல்லத் தொட்டபோதுதான் மேகலாவுக்குத் தெரிந்தது. மார்கழிக் குளிர் என்று அதுவரை நினைத்திருந்தாள். நகக்கண்கள் நீலமாக இருந்தன. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது, உச்சி வெயிலில்.

“அத்தை, கனம் போதும். குளிர் உள்ள ஏறுது.”

“ஏறட்டும்.”

“உங்க ரத்தம் எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும். மாடாயிருந்தா நான் இன்னைக்கே...”

“நான் மாடில்லையே கண்ணு.”

“உள்ள ஒண்ணுமில்லை அத்தை. ஸ்கேன்ல பாத்தாங்க. வெறும் வெள்ளை.”

“நாப்பது வருசமா ஒண்ணுமில்லாததச் சொமந்தவதான். இதுல கனமாச்சும் இருக்குது.”  வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

மேகலா சாமியப்பனிடம் போனாள். ஒரு தடவை என்னைக் கேளுங்கள் என்றாள். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஊரு சத்தியமுங்க, எம் பொண்டாட்டியும் மஞ்சத்தண்ணி தொட்டிருக்கறா” என்று அழுதார். பொன்னுசாமியிடம் போனாள், அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டே கதவைச் சாத்தினார். ஆறு வருஷமாக வழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்ட ஊரில், கேள் என்று கெஞ்சிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்; ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அன்பினாலேயே ஒருத்தியைச் சாகவிடத் தயாராக இருந்தார்கள்.

மாசி பிறந்து வெயில் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கஞ்சி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மாராத்தாள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் வெள்ளையாகப் பொரி போல ஒட்டியிருந்தது; மேகலா விரலால் தொட்டாள், உறைபனி. டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கண் மட்டும் உயிரோடு இருந்தது, அந்தக் கண் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தது, இன்னும் ஒரு மாதம் என்பது போல.

நேற்றுவரை இன்னொருவர் வாயைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவளுக்கு, தனக்கும் ஒரு வாய் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்வியை உலகத்தில் எல்லோரும் அவளிடம் கேட்டிருந்தார்கள், அவளைத் தவிர. கேட்க வேண்டி வந்துவிடக் கூடாது என்றுதானே அவ்வளவு தூரம் போய் உறைய வைத்துவிட்டு வந்தாள்? கஞ்சியைக் கீழே வைத்தாள். வாசல் கதவைப் பார்த்தாள். 

“ஏண்டி மேகலா,” என்று சத்தமாகச் சொன்னாள், “எப்ப அடை வைக்கப் போற?”

பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அதே கூச்சம், அதே எரிச்சல். அப்புறம் வயிறு வந்தது. முதுகெலும்பு பின்னால் வளைந்தது, கால் இரண்டும் விலகின, அடிவயிற்றில் ஐஸ் பாளத்தை இறக்கியதைப் போல மூச்சு நின்றுபோய், சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். எதிரே மாராத்தாளின் சேலை கயிறு அறுத்த பந்தலைப் போல மடிந்து இறங்கியது. புருவத்துப் பனி உருகிக் கன்னத்தில் ஓடியது.

மாராத்தாள் தன் மடியைப் பார்த்தாள். கையால் தடவிப் பார்த்தாள். தவழ்ந்து வந்து, பலமெல்லாம் சேர்த்து, மேகலாவின் கன்னத்தில் அறைந்தாள். மிச்சமிருந்த வளையல்கள் உடைந்து தரையெல்லாம் சிதறின.

“கேக்காம எடுத்துட்டியேடி! ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியாடி!”

 உயிரைக் காப்பாற்றினேன் என்று மேகலா சொல்லியிருக்கலாம். கன்னத்தை விலக்காமல் இருந்தாள். மாராத்தாள் இன்னொரு அறைக்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை, ஒன்பது மாதப் பழக்கத்தில், தானாக இறங்கி மேகலாவின் வயிற்றின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து தடவ ஆரம்பித்தது. குர்த்தா மேலே ஏறியிருந்தது. விரிந்து கிடந்த அந்த வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு பக்கமும், எப்போதோ மறைந்துபோன கருத்த புள்ளிகள் கடுகு தெளித்ததைப் போலத் திரும்பத் தெரிந்தன. மாராத்தாளின் விரல் ஒரு புள்ளியில் நின்றது.

“இதென்னது?”

“ஊசி போட்ட எடம்.”

“எத்தனை?”

“தெனமும். பதினோரு நாள். சில நாள் ரெண்டு.”

“ஆரு போட்டா?”

“நானேதான் போட்டுக்கிட்டேன்.”

“கூட ஆரு இருந்தா?”

“யாருமில்லை.”

மாராத்தாள் அடுத்த புள்ளிக்கு விரலை நகர்த்தினாள், அதற்கடுத்த புள்ளிக்கு. வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“வலிச்சுதா கண்ணு?”

மேகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. அழுகையோடு சேர்த்தே சொன்னாள்: காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்ததை, பல்லாயிரம் மாட்டுக்கு ஊசி போட்ட கை, தன் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு முதல் நாள் முக்கால் மணி நேரம் குத்த முடியாமல் நடுங்கியதை, எட்டாம் நாளுக்கு மேல் வயிறு உப்பி, செருப்பு மாட்டக் குனிய முடியாமல் போனதை, மயக்க ஊசிக்கு முன்னால் நர்ஸ் “கூட வந்தவங்க பேரு?” என்று கேட்க, வெறும் கோடு போடச் சொன்னதை, கண் விழித்ததும் பதினொன்று என்று சொன்னபோது அது நிறையவா கம்மியா என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதை, மறுநாள் பல்லடம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததை, வந்த அன்றைக்கே ஒரு கன்றை இழுத்துப் போட்டதை. சொல்லச் சொல்ல மூச்சு லேசானது. வேணுமா வேண்டாமா என்றே இன்னும் தெரியவில்லை அத்தை என்றாள். “தெரியலைன்னா தெரியலைன்னு இரு, அதுக்கென்ன” என்றாள் மாராத்தாள், விரலை எடுக்காமல்.

சொல்லி முடித்தபோது மேகலாவின் வயிறு எப்போதும் போலத் தட்டையாக இருந்தது. எந்தப் பேச்சுக்கு நடுவில் இறங்கியது என்று இருவருமே பார்க்கவில்லை. இறங்கிய வயிறு யாரிடமும் போகவில்லை. ஊரில் யாரும் கத்தவில்லை. மாராத்தாளின் கை மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது, வெறும் கை, சூடு திரும்பிய கை.

மேகலா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதில் குத்தியிருந்த வளையல் சில்லு ஒன்றை நகத்தால் மெல்ல எடுத்தாள்.

“உங்களுக்கு வலிச்சுதா அத்தை?” என்று கேட்டாள்.

மாராத்தாள் முதலில் கதவைப் பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். யாரைக் கேட்கிறாய் என்பதைப் போல மேகலாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள்.

“எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு,” என்று ஆரம்பித்தாள்.